பறக்கவிடுவதற்கு முதல் நாள் ராத்திரி வேண்டாம்

பாடாலூர்ப் பக்கம் மக்காச்சோளம் ஒடித்து, தட்டையையும் அறுத்துவிட்டால் காடு வெறும் கரிசலாகக் கிடக்கும். மாடல் விமானம் விடுகிறவர்களுக்கு அதுதான் திருவிழாக் காலம். ஆனால் நம் ஆட்கள் பலர் பறக்கவிடுவதற்கு முதல் நாள் ராத்திரிதான் டிரான்ஸ்மிட்டரில் புது ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் மென்பொருள், ஏற்ற உட்காருகிறார்கள். நான் அந்த வேலையை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வைத்துக்கொள்வேன். சேற்றில் கால் வைக்க முடியாத நாளில் எதுவும் கெட்டாலும் நிதானமாகச் சரிசெய்யலாம்.

முதலில், ஏற்றத்தான் வேண்டுமா? திரையில் புது நிறம் வருகிறது என்பதற்காக நான் தொடமாட்டேன். பறப்பதைப் பாதிக்கும் குறை சரியாகியிருந்தால் உடனே ஏற்றுவேன். ஃப்ரஸ்கை நிறுவனத்தின் ஏசிசிஎஸ்டி என்ற ரேடியோ இணைப்பு முறையில் சர்வோ தானாகவே அசையக்கூடிய ஒரு குறை இருந்தது. அதைத் தீர்க்க 2020 தொடக்கத்தை ஒட்டி இரண்டாம் பதிப்பு வந்தது. சிக்கல் என்னவென்றால், பழைய பதிப்பு ரிசீவர் புதிய பதிப்பு டிரான்ஸ்மிட்டரோடு பேசாது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற இன்னொரு இணைப்பு முறையிலும் இதே கதைதான்: ஒரு பக்கம் பதிப்பு 2, மறுபக்கம் பதிப்பு 3 என்று இருந்தால் இணைப்பே கிடைக்காது. இரண்டையும் ஜோடி சேர்க்கும் பைண்டிங் ஃபிரேஸ் ஒன்றாக இருந்தும் பயனில்லை.

அதனால் டிரான்ஸ்மிட்டரைத் தொடுவதற்கு முன், வீட்டில் எத்தனை விமானத்தில் எத்தனை ரிசீவர் இருக்கிறது என்று எண்ணிவிடுவேன். தெர்மாகோல் உடம்புக்குள் பசை போட்டு ஒட்டிய ரிசீவர் ஒன்று கட்டாயம் இருக்கும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்றால் அதற்கும் வழி உண்டு. டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ரிசீவருக்கு மட்டும் கரண்ட் கொடுத்தால், சுமார் 60 விநாடியில் அதுவே வைஃபை கிளப்பும். போனில் இணைந்து, பிரவுசரில் 10.0.0.1 என்று அடித்தால் ஏற்றும் பக்கம் வந்துவிடும். பிரிக்கவே வேண்டாம். கேமரா டிரோனாக இருந்தால் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் ஓடட்டும். வீடியோ டிரான்ஸ்மிட்டர் காற்றில்லாமல் கொதித்துவிடும்.

டிரான்ஸ்மிட்டர் பக்கம் பாதித் தொல்லை கேபிளால் வருவது. போனோடு வரும் சில கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது. கம்ப்யூட்டர் ரேடியோவைக் கண்டுகொள்ளவில்லை என்றால் டிரைவரைத் தேடுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பில் செய்வது நல்லது, எந்த நேரம் கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றாலும் பதற வேண்டாம். எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் ஓடும் ரேடியோக்களில், ஃபர்ம்வேரை ஏற்றும் பூட்லோடர் தனியாக இருப்பதால் பெரும்பாலும் திரும்ப ஏற்றிவிடலாம். எஸ்டி கார்டை மட்டும் முழுசாக லேப்டாப்பில் நகலெடுத்துவிட்டுத் தொடங்குங்கள். புது வடிவத்துக்கு மாறிய மாடல் கோப்பைப் பழைய மென்பொருள் படிக்காது. திரும்பிப் போக அந்த நகல்தான் வழி.

900 மெகாஹெர்ட்ஸ் வகை மாட்யூல் வைத்திருப்பவர்கள் ஏற்றும்போது எந்த நாடு என்று கேட்கும் இடத்தில் கவனம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கிடைப்பது 865-868 பட்டை. யூடியூபில் அமெரிக்கர் சொல்கிறார் என்று 915-ஐத் தேர்ந்தெடுத்தால் அது இங்கே சட்டப்படி செல்லாது. மருந்தடிக்கும் டிரோன் வைத்திருப்பவர்களும் என்னிடம் கேட்பதுண்டு. வகைச் சான்று வாங்கிய இயந்திரத்தில் நாம் கை வைக்கக் கூடாது, தயாரித்தவர்களிடமே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில்.

ஏற்றி முடித்த விமானத்தை அன்றுதான் கட்டிய விமானமாக நினைத்துச் சோதிப்பேன். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஐலரான், எலிவேட்டர், ரட்டர் ஒவ்வொன்றும் சரியான பக்கம் திரும்புகிறதா என்று பார்ப்பேன். சேனல் வரிசை மாறியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். அடுத்தது ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்யும் என்ற அமைப்பு. மோட்டாரை ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நின்றாக வேண்டும். பழைய அமைப்பு அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது. பாடாலூரில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. சிக்னல் அறுந்த விமானம் முழு வேகத்தில் அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, ரேடியோவின் ரேஞ்ச் சோதனை முறையைப் போட்டு, ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, 30 மீட்டர் தள்ளி நடந்து போய் எல்லாச் சர்வோவும் தடங்கலின்றி அசைகிறதா என்று பார்ப்போம். அது தேறினால், ரிசீவரில் ஏறிய பதிப்பு எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி இறக்கைக்கு அடியில் ஒட்டிவிடுவேன்.