எம்.சி.பி.க்குத் தெரியாத நெருப்பு

அன்புள்ள தம்பிக்கு,

கருகிப்போன கீசர் பாயிண்டைப் படம் எடுத்து அனுப்பி, "எம்.சி.பி. ஏன் டிரிப் ஆகவில்லை, சித்தப்பா?" என்று கேட்டிருந்தாய். ஐ.டி.ஐ. முதல் வருடத்திலேயே உனக்கு இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். சாக்கெட்டை மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் கணக்கைப் பார். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட் திருகு லூஸாகி, ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தால் அங்கே ஆர்க் எனும் மின்பொறி அடிக்கும். கீசருக்குப் போகும் கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் கரண்ட் கொஞ்சம் குறையுமே தவிர ஏறாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் பைமெட்டல் வளைய அது போதாது. 'சி' வகையில் காந்தச் சுருள் இழுக்க வேண்டுமானால் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். கசிவு கரண்டைப் பார்த்துத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அசையாது. ஃபேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்பிவிடும்போது 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் எங்கிருந்து வரும்? இரண்டும் பழுதில்லை, அவற்றின் வேலை வேறு.

ஆனால் அந்த இடைவெளியில் 20 வோல்ட் விழுகிறது என்று வைத்துக்கொள். 8 ஆம்பியரோடு பெருக்கினால் 160 வாட். கடுகளவு இடத்தில் அத்தனை சூடு. ஆர்க்கின் நடுப்பகுதி பல ஆயிரம் டிகிரி. பக்கத்திலிருக்கும் பி.வி.சி. கருகிக் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பது உனக்குத் தெரியும். பிறகு ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்கே அந்தக் கரி வழியாக ஆர்க் பாயலாம்.

கரண்டின் அளவு காட்டிக்கொடுக்காததை அதன் வடிவம் காட்டிக்கொடுக்கும். நம் சப்ளையில் கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு முறையும் ஆர்க் அணைந்து, வோல்டேஜ் போதுமான அளவு ஏறியதும் மறுபடி பற்றும். ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் சின்னத் தட்டையான படி தெரியும். அதன் மேல் கிலோஹெர்ட்ஸ் தொடங்கி மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் ஏறியிருக்கும். ஆஸிலாஸ்கோப் இல்லாவிட்டாலும், பொறி அடிக்கும் பாயிண்ட் பக்கத்தில் ஏ.எம். ரேடியோவை வைத்தால் கரகரவென்று கேட்கும். படியையும் இரைச்சலையும் சேர்த்துக் கவனித்து லைனைத் துண்டிக்கும் கருவிதான் ஏ.எஃப்.டி.டி.; அமெரிக்காவில் ஏ.எஃப்.சி.ஐ. என்பார்கள்.

மிக்ஸி ஓடினாலும் ரேடியோ கரகரக்குமே என்று கேட்பாய். உண்மைதான், கார்பன் பிரஷ்ஷில் பொறி பறக்கிறது. சுவிட்சை அணைக்கும்போதும் ஒரு பொறி உண்டு. கெட்ட பொறியை இவற்றிலிருந்து பிரித்தறிவதுதான் இந்தக் கருவியின் பெரிய சிரமம். சுவிட்சுப் பொறி ஒரே தடவையில் முடிந்துவிடும். மோட்டார் இரைச்சல் ஒரு சீராக வரும். லூஸ் கனெக்ஷன் ஒழுங்கில்லாமல் விட்டு விட்டு அடிக்கும். அதனால் உள்ளே இருக்கும் மைக்ரோபிராசஸர் பல அரைச்சுற்றுகளைப் பார்த்த பிறகே முடிவெடுக்கும். 2013-இல் வந்த ஐ.இ.சி. 62606 தரத்தின்படி, 230 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் ஆர்க்கை ஒரு நொடிக்குள்ளும் 16 ஆம்பியர் ஆர்க்கை 0.15 நொடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும்.

அமெரிக்க மின் விதிநூலின் 1999 பதிப்பு, 2002 ஜனவரி முதல் புது வீடுகளின் படுக்கையறை பிளக் பாயிண்டுகளுக்கு இந்தக் கருவியைக் கட்டாயம் ஆக்கியது. தூங்குகிறவர்களை முதலில் காப்பாற்ற நினைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆரம்பகாலக் கருவிகள் காரணமில்லாமல் டிரிப் ஆகி எரிச்சலூட்டியதும் உண்டு. நம்மூர் வீடுகளில் இது இன்னும் அபூர்வம். எங்காவது பார்த்தால், டிரிப் ஆகிறதே என்று கழற்றிவிட்டு வெறும் எம்.சி.பி. மாட்டிவிடாதே. சாதனங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார். அப்புறமும் விழுந்தால் ஒவ்வொரு பாயிண்டாகத் திறந்து பார்.

ஏ.எஃப்.டி.டி.க்கும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. லூஸான முனையில் செம்பு ஆக்ஸைடு படிந்து, பொறியே இல்லாமல் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும். அலை வடிவம் ஏறக்குறைய மாறாததால் கருவிக்கு அது தெரியாது. அங்கே திருப்புளி பிடித்த கையைத்தான் நம்ப வேண்டும். ஆகவே இந்தக் கீசர் பாயிண்டில் கறுத்த ஒயரை அப்படியே புது சாக்கெட்டில் மாட்டாதே. செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டு. இழைகள் அறுபடாமல் சீவு. திருகுக்கு அடியில் பி.வி.சி. மாட்டாமல் முறுக்கு. முறுக்கியபின் ஒயரைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார். ஒயர் நீளம் போதாவிட்டால் சுவருக்குள் ஒட்டுப் போடாதே, புதிதாக இழு.

அன்புடன்,
சித்தப்பா