முதலில் கதை, உடனே கண்

நாலைந்து படங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்துவிட்டு, ஸ்கிரிப்டோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குபவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் கதையை வரி பிசகாமல் சொல்வார்; படம் பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டால், "அதைக் கேமராமேன் பாத்துக்குவாரு சார்" என்பார். இன்னொருவர் லேப்டாப்பைத் திறந்து கொரியப் படங்களின் ஸ்டில்களாகக் காட்டுவார். கதை என்னவென்றால், "அது ஒரு மூடு சார்" என்பார். முதலாமவருக்கு அட்வான்ஸ் கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டாமவருக்கு டீ கிடைக்கும்.

இதில் அநியாயம் ஒன்றுமில்லை. தயாரிப்பாளரோ ஹீரோவோ கதை கேட்கும்போது படம் என்ற ஒன்றே கிடையாது, உங்கள் வாய்தான் இருக்கிறது. ஒன்லைன் பிடித்தால் முழுக்கதை கேட்பார்கள். இடைவேளை வரை போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒளியும் நிறமும் லென்ஸும் அதற்குப் பிறகுதான் பேச்சுக்கே வரும்.

ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான மணிகண்டனின் 'காக்கா முட்டை'யை (2015) எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைத் தானே ஒளிப்பதிவும் செய்தார். ஆனால் அதைத் தாங்கி நிற்பது, குடிசைப் பகுதிச் சிறுவர்கள் இருவர் பீட்சா சாப்பிட ஆசைப்படுகிறார்கள் என்ற ஒற்றை வரி. யாரிடம் சொன்னாலும் அடுத்து என்ன ஆகிறது என்று கேட்பார்கள். கேமராவை நன்றாகத் தெரிந்தவரே இவ்வளவு எளிய கதையை நம்பி இறங்கியிருக்கிறார்.

அதற்காகக் காட்சியமைப்பு வேறு யாருடைய வேலையோ என்று இருந்துவிடாதீர்கள். மகேந்திரன் 'தங்கப்பதக்கம்' (1974) போன்ற வசனப் படத்துக்கு எழுதியவர். இயக்குநராக அவர் எடுத்த முதல் படமான 'முள்ளும் மலரும்' (1978) அந்தப் பாணிக்கு நேர் எதிர். முடிவில், ஊராரோடு கல்யாணத்துக்குக் கிளம்பிய வள்ளி அவர்களை விட்டு அண்ணன் காளியிடம் ஓடி வருகிறாள். ஒரு கை இழந்தவன் அவளை அணைத்துக்கொள்கிறான். அவன் பேசுவதெல்லாம் அதற்கப்புறம்தான். பாலு மகேந்திராவின் கேமரா அங்கே அழகு காட்டவில்லை, கதை சொல்கிறது. காட்சி பாணி என்று நான் சொல்வது இதைத்தான். சூரிய அஸ்தமனத்தில் ட்ரோன் பறக்க விடுவதை அல்ல.

இதற்குப் பயிற்சி உண்டு. உங்கள் ஸ்கிரிப்டில் மிக முக்கியமான சீனை எடுத்து வசனம் அத்தனையையும் அடித்துவிடுங்கள். மிச்சத்தைப் படிக்கும் நண்பருக்கு என்ன நடக்கிறது என்று புரிய வேண்டும். புரியாவிட்டால் திரும்ப எழுதுங்கள். புரிந்தால் போனிலேயே எடுத்து, ஒலியை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். கதை சொல்லும்போதும் "அவன் ரொம்ப வருத்தத்துல இருக்கான்" என்று சொல்லாதீர்கள். அவன் என்ன செய்கிறான் என்று சொல்லுங்கள். கேட்பவர் மனத்தில் படம் ஓட ஆரம்பித்தால் உங்களுக்கு லுக்புக்கே தேவைப்படாது. கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றால், நீங்களே போய்ப் பார்த்து எடுத்த லொக்கேஷன் படங்கள் பத்து போதும்.

ஷூட்டிங்கில் கிளாப்பும் கன்டினியூட்டியும் பார்க்கிறவரா? எடுத்த ஷாட்டுகளில் எவை எடிட்டிங்கில் தங்குகின்றன என்று கவனியுங்கள். அரை நாள் மல்லுக்கட்டி எடுத்த கிரேன் ஷாட் கதையை நகர்த்தவில்லை என்றால் வெட்டப்பட்டுவிடும். போன கால்ஷீட் திரும்பி வராது. படத்தின் தோற்றம் பட்ஜெட் சமாச்சாரமும்கூட. கதை முழுக்க இரவில் நடப்பதாக எழுதிவிட்டு, அதற்கான விளக்குச் செலவையும் நாட்களையும் யோசிக்காதவரைத் தயாரிப்பு நிர்வாகி முதல் சந்திப்பிலேயே எடைபோட்டு விடுவார்.

ஒளிப்பதிவாளராக விரும்புகிறவர்களுக்கும் இதே பேச்சுதான், வரிசை மட்டும் வேறு. எந்த கேமரா என்று கேட்பதற்கு முன் முழு ஸ்கிரிப்டையும் வாங்கிப் படியுங்கள். படிக்காமல் ஷாட் டிவிஷனுக்கு உட்காருபவரை இயக்குநர் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஒளியமைப்பையும் நிறத்தையும் யார் வேண்டுமானாலும் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், சட்டப்படி தடுப்பது கடினம். எழுதி முடித்த ஸ்கிரிப்டுக்குப் பாதுகாப்பு உண்டு. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகி அதைப் பதிவு செய்துவிட்டு, பிறகு கதை சொல்லக் கிளம்புங்கள்.