தறிக்குழியில் மருந்து அடிக்காதீர்கள்
ஐப்பசி மழைக்கு முன் திருப்பருத்திக்குன்றம் நெசவாளர்களுக்கு

புரட்டாசி முடியப் போகிறது. வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது. வழக்கமான வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒழுகும் ஓட்டை மாற்றுங்கள். தறிக்குழியைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு சிமெண்ட் வரம்பு கட்டுங்கள். பட்டுக் கட்டைத் தரையில் வைக்க வேண்டாம், பரணுக்கு ஏற்றுங்கள். ஜரிகைக்கு மூடி இறுகிய டப்பா. தரையோரம் ஓடும் ஒயரை மேலே தூக்கிக் கட்டுங்கள். தெருவில் பாவு நீட்டுகிறவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுக் கஞ்சி போடுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. தெரிந்தும் செய்கிறீர்கள் என்றால் அதைவிட மோசம்.

முதல் மழை இறங்கி நாலைந்து நாளில் குழிச் சுவரில் பொடிப்பொடியாக ஏதோ துள்ளும். தேங்கிய நீரின் மேல் சாம்பல் தூவியதுபோல் கூட்டமாக மிதக்கும். உடனே ‘தெள்ளுப்பூச்சி வந்துவிட்டது, பட்டைத் தின்றுவிடும்’ என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறீர்கள். போகாதீர்கள். குழிக்குள் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள். மண்ணெண்ணெயில் கலந்து அறவே அடிக்காதீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு வீட்டில் அதைத்தான் செய்தார்கள். மறுநாள் விடிகாலையில் தறியில் உட்கார்ந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் தலைசுற்றல், பிறகு வாந்தி. பாவில் எண்ணெய்த் துளி தெறித்து முந்தானையில் கறை ஏறியது, கூலியில் பிடித்தம். பூச்சி என்ன ஆயிற்று? மூன்றாம் நாள் திரும்பி வந்தது. குழியின் ஈரம் அப்படியே இருக்கும்போது வராமல் என்ன செய்யும்?

குழியில் காற்று ஓடாது. மண்ணெண்ணெய் ஆவி காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கும். நீங்களோ நாள் முழுதும் வெறுங்காலோடு அதற்குள் மிதி மிதிக்கிறீர்கள். தார் சுற்றித் தரும் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்னும் சிலர் ‘கமாக்சின் பவுடர்’ கேட்டு வாங்குகிறார்கள். அதிலுள்ள பி.எச்.சி. என்ற மருந்து 1997-லேயே நாட்டில் தடை செய்யப்பட்டது. டைக்ளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தும் 2020 கடைசியோடு தடை. பெயர் இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. அதைக் குழியில் தூவிவிட்டு அங்கேயே உட்கார்ந்து காபி குடிப்பதா?

மருந்தைத் தொடுமுன் பூச்சியைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளைக் குழியோரம் விரித்து டார்ச் அடியுங்கள். துள்ளி விழுந்த ஒன்றை ஈரத் தூரிகை நுனியால் தொட்டு எடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளம், சிறகு கிடையாது, சாம்பலோ வெள்ளையோ ஊதாவோ. நகத்தால் அழுத்தினால் நசுங்கிவிடும். தெள்ளுப்பூச்சி அப்படி நசுங்காது. அது பக்கவாட்டில் தட்டையாக, பழுப்பாக, கடினமாக இருக்கும், கடிக்கும். இது கடிக்காது. நூல்களில் ஸ்பிரிங்டெயில் என்பார்கள், விசைவால் பூச்சி என்று வைத்துக்கொள்வோம். லென்ஸில் பார்த்தால் வயிற்றின் நாலாம் கணுவிலிருந்து ஒரு கவட்டை முன்பக்கமாக மடங்கியிருப்பது தெரியும். மூன்றாம் கணுவிலுள்ள ஒரு கொக்கி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கொக்கி விட்டதும் கவட்டை தரையை அறைகிறது, பூச்சி எகிறுகிறது. முதல் கணுவின் அடியில் நீர் உறிஞ்சும் குழல் ஒன்று உண்டு.

இதற்கு உணவு பூஞ்சையும் மக்கும் குப்பையும். பட்டில் வாய் வைக்காது. பட்டுக்கும் கஞ்சிப் பசைக்கும் உண்மையான எதிரி வேறு: துள்ளாமல் வழுக்கி ஓடும், பின்னால் மூன்று வால் கொண்ட வெள்ளிப்பூச்சி, மயிர் அடர்ந்த கம்பள வண்டின் புழு. அவை பெட்டியிலும் பரணிலும் இருக்கும். நீங்கள் குழியில் மருந்தடித்துக்கொண்டிருக்கும்போது அவை மேலே சேலையைத் தின்றுகொண்டிருக்கும்.

விசைவால் பூச்சிக்கு உலர்ந்த காற்று ஆகாது, சீக்கிரம் செத்துவிடும். ஆகவே குழியில் விழுந்த நூல் பஞ்சையும் கஞ்சித் திவலையையும் வாரியெடுங்கள், நீரை இறையுங்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், தறி ஓடாத நேரத்தில் மின்விசிறியைக் குழி பார்த்துத் திருப்பி வையுங்கள். செலவும் குறைவு.

இனி, ‘இது என்ன இனம், புதுசா?’ என்று கைப்பேசிப் படம் அனுப்பிக் கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு. படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. உலகில் பெயர் பெற்ற விசைவால் பூச்சிகள் சுமார் 9,000. தலைக்கு ஒரு பக்கம் எத்தனை கண் (எட்டு வரை இருக்கும், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை), உணர்கொம்பின் நாலு கணுக்களின் நீள விகிதம், நகத்தில் எத்தனை பல், கவட்டை நுனி எந்த வடிவம், ஒவ்வொரு கணுவிலும் மயிர்கள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்று உடலை வெளுக்க வைத்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். அதன் பிறகு பழைய விவரணைகளோடு ஒப்பிட வேண்டும். இம்ஸ் என்ற ஆய்வாளர் 1912-ல் இந்தியா, பர்மா, இலங்கை இனங்களை விவரித்தார். என். ஆர். பிரபு 1971-ல் தென்னிந்திய மண்ணிலும் சருகிலும் வாழ்பவற்றை விவரித்தார். இவற்றைப் புரட்டாமல் ‘புது இனம்’ என்று கிளம்பினால் சிரிப்பார்கள். நிஜமாகவே புதிது என்றால் மூல மாதிரி ஒன்றைக் குறித்துச் சேமிக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி அதை அரசு அறிவித்த காப்பகத்தில் ஒப்படைப்பது கட்டாயம். இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய காப்பகம். அதன் தென்மண்டல மையம் சென்னையில்தான் இருக்கிறது. (ஸ்காட்லாந்தின் ரைனியில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான விசைவால் பூச்சியை 1926-ல் விவரித்த இருவரில் ஒருவர் மௌலிக் என்ற நம் நாட்டவர். நமக்கு இந்த வேலை புதிதல்ல.)

மாதிரி எடுக்க இதுவே சமயம்; அடைமழை பிடித்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் படம் எடுங்கள், சாராயத்தில் நிறம் வெளுத்துவிடும். விரலால் பிடிக்காதீர்கள், செதில் உதிரும். பத்துப் பதினைந்து பூச்சிகளை எத்தில் ஆல்கஹாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டாம். தேதி, இடம், குழிச் சுவரா பாசியா சருகா என்ற விவரம், எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். சீட்டு இல்லாத குப்பி எனக்கு வேண்டாம், கொண்டு வராதீர்கள்.

திரைலோக்கியநாதர் கோயில் மதிலோரப் பாசியிலும் நிறைய கிடைக்கும். தரையில் உதிர்ந்ததை மட்டும் எடுங்கள். 1387-ல் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் பக்கம் சுரண்டும் கத்தியோடு யாரும் போகக் கூடாது. விதானத்து ஓவியம் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கிறது.

மறுபடியும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: குழிக்குள் மருந்து வேண்டாம். இதைப் படிக்கும்போதே அடித்து முடித்திருந்தால் இன்றைக்குத் தறி ஏறாதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, போட்டிருந்த துணியை மாற்றுங்கள். குழிநீரை வேகவதி ஆற்றுப் பக்கம் வாய்க்காலில் இறைத்துவிடாதீர்கள். தலைசுற்றலோ வாந்தியோ கண் எரிச்சலோ இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது மருந்து டப்பாவையோ பொட்டலத்தையோ கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் அதற்கேற்ற சிகிச்சை தர முடியும்.