நாகை முதல் புதுவை வரை: ஒரு வாடகை வண்டிக் கணக்கு

நான் டிப்ளமா சிவில் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா வாடகை வேன் ஓட்டுகிறார். வீட்டில் எந்தக் கணக்கு வந்தாலும் "தம்பிகிட்ட கேளு" என்பார்கள். நான் போட்ட ஒரு கணக்கு தப்பிப் போனதையும், பிறகு அதைத் திருத்தியதையும் இங்கே எழுதுகிறேன்.

அப்பாயிக்குக் கண்புரை ஆபரேஷன். புதுச்சேரியில் காலை 7 மணிக்கு டோக்கன். நாகப்பட்டினத்திலிருந்து சுமார் 135 கிலோமீட்டர். மணிக்கு 60 என்று வைத்து வகுத்தேன். 2 மணி 15 நிமிடம் வந்தது. "4.15க்குக் கிளம்பினா போதும்பா, அரை மணி முன்னாடியே போயிடலாம்" என்றேன். அப்பா முதல் நாள் வேளாங்கண்ணி சவாரி முடித்து வீட்டுக்கு வந்ததே நடுராத்திரி 12 மணிக்கு. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சிதம்பரம் நெருங்கும்போது அப்பா கண் அசந்துவிட்டார். இடது சக்கரம் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியது. அம்மா போட்ட சத்தத்தில் விழித்து பிரேக் போட்டார். யாருக்கும் அடியில்லை. ஓரமாக நிறுத்தி ஒரு மணி நேரம் தூங்கவைத்தோம். போய்ச் சேரும்போது மணி 9. டோக்கன் முடிந்துவிட்டது. அப்பாயி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் முறை நோட்டை எடுத்து இப்படி எழுதினேன்:

1. பாதை. நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி, திருக்கடையூர், சீர்காழி, கொள்ளிடம் பாலம், சிதம்பரம், கடலூர், புதுச்சேரி. ஊர்கள் நிறைந்த பாதை. அன்று நாங்கள் ஓடிய வேகத்தைக் கணக்குப் பார்த்தால் சராசரி 40தான். வேகமானியில் தெரிவது வேறு, சராசரி வேறு.

2. எல்லை. வாஞ்சூரில் காரைக்காலுக்குள் நுழைகிறோம். அது புதுச்சேரி ஆட்சிப் பகுதி. மறுபடி தமிழ்நாடு. கடலூர் தாண்டி முள்ளோடையில் மறுபடி புதுச்சேரி. ஆக ஒரே பயணத்தில் மூன்று எல்லை! மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்படி, ஒரு மாநிலத்தில் கொடுத்த பர்மிட் பொதுவாக மேலொப்பம் இல்லாமல் அடுத்த மாநிலத்தில் செல்லாது. அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. வண்டி பேசும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பிளேட் வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேர்ந்தபின் இன்சூரன்சில் தகராறு வரும்.

3. காலம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. ரோட்டோரம் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரை கடந்தது எங்கள் பக்கம்தான்.

4. செலவு. வண்டி திரும்பியும் வரவேண்டும். ஆகவே 135 அல்ல, 270 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 ஓடினால் டீசல் 22.5 லிட்டர். அத்துடன் டிரைவர் பேட்டா, காத்திருக்கும் நேரம், டோல். இவற்றை முன்பே பேசிவிட்டால் இறங்கும்போது சண்டை இல்லை.

5. டிரைவரின் தூக்கம். இதை ஐந்தாவதாக எழுதினாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணியாவது ஓய்வு என்று விதித்தது. கூலிக்கு ஓட்டுகிறவர் "தூக்கம் வருது" என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

இனி நேரக் கணக்கு. 135ஐ 40ஆல் வகுத்தால் 3 மணி 22 நிமிடம். டீக்கும் வயதானவர் இறங்கி ஏறவும் 20 நிமிடம். எதிர்பாராததற்கு 30 நிமிடம். மொத்தம் 4 மணி 12 நிமிடம். 7 மணிக்குப் போக 2.45க்குக் கிளம்ப வேண்டும். அது நல்ல தூக்கம் வரும் நேரம். அந்தத் திட்டத்தை அடித்துவிட்டேன்.

முதல் நாள் மதியம் 1 மணிக்குக் கிளம்பினோம். சாயங்காலம் கடலூரில் அத்தை வீட்டில் தங்கினோம். காலை 5.45க்குப் புறப்பட்டு மீதித் தூரத்தை முடித்தோம். 6.30க்கெல்லாம் வரிசையில் நின்றோம். அப்பாவுக்கு ஒரு நாள் சவாரி போனது. "போகட்டும்டா, ராத்திரி நல்லாத் தூங்கினேன்" என்றார்.

கட்டு அவிழ்த்ததும் அப்பாயி என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "என்னடா தம்பி, இவ்வளவு கறுத்துப் போயிட்ட!"

நண்பர்களே, தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்று வகுப்பில் படிக்கிறோம். அது சரிதான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு, அதன்பின் வகுக்கத் தொடங்குங்கள்.