மாறும் பொருள், மாறாப் பொருள்: பைதான் முக்கியக் குறிப்புகள்

(பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல், கணினிப் பயிற்றுநர் தேர்வு எழுதுவோருக்கு)

எடுத்துக்காட்டுகள் எல்லாம் செட்டிநாட்டுத் தரவு. நகரத்தார் கோவில்கள் ஒன்பது: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. இந்த ஒன்பது கூடுவதில்லை, குறைவதில்லை. ஊர்க் கணக்கு அப்படியல்ல. ஒரு காலத்தில் 96 என்பார்கள், இன்று எழுபதுக்குச் சற்று மேல். ஒவ்வொரு ஊரிலும் உள்ள புள்ளிகளின் (மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) கணக்கோ கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறும். கோவில்களை டியூப்பிளில் வைக்க வேண்டும், புள்ளிகளை லிஸ்டில் வைக்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடிப்படை

• மாறாதவை: முழு எண், மிதவை எண், கலப்பெண், பூலியன், சரம், டியூப்பிள், ஃப்ரோசன்செட், பைட்ஸ், ரேஞ்ச், நன்.

• மாறுபவை: லிஸ்ட், டிக்‌ஷனரி, செட், பைட்அரே. நாமே எழுதும் கிளாஸின் பொருளும் தடை எதுவும் போடாவிட்டால் மாறும் வகைதான்.

• மாறுவதும் மாறாததும் பொருளின் குணம். மாறியின் குணம் அல்ல. வினாத்தாளில் பாதி பேர் தடுமாறுவது இங்கேதான். ஆண்டு = 2019 என்று எழுதி, அடுத்த வரியில் ஆண்டு = 2020 என்றால் 2019 என்ற எண் மாறிவிடவில்லை; ‘ஆண்டு’ என்ற பெயர் வேறொரு பொருளைச் சுட்டத் தொடங்குகிறது, அவ்வளவுதான். வெறும் பெயருக்கு இடும் ‘=’ எந்தப் பொருளையும் மாற்றாது. சந்தேகம் வந்தால் முன்னும் பின்னும் ‘ஐடி’ செயற்கூற்றை அழைத்துப் பாருங்கள்.

• திருமணமானதும் பெண் கணவரின் கோவிலைச் சேர்ந்தவராகிறார். டிக்‌ஷனரியில் அவர் பெயருக்கு எதிரே இருந்த "நேமம்" போய் "மாத்தூர்" வருகிறது. மாறியது டிக்‌ஷனரி, "நேமம்" என்ற சரம் அப்படியே இருக்கிறது.

• ‘==’ மதிப்பை ஒப்பிடும்; ‘இஸ்’ ஒரே பொருள்தானா என்று பார்க்கும். வழக்கமான சிபைத்தானில் -5 முதல் 256 வரையுள்ள எண்கள் முன்கூட்டியே நினைவகத்தில் இருப்பதால் அங்கே ‘இஸ்’ சரி என்று சொல்லும். எண் மாறாப் பொருள் என்பதால்தான் இந்தச் சிக்கனம் செல்லுபடியாகிறது.

சரம்: நேமத்தான்பட்டியை எழுத்துக்கூட்டுவோம்

• பைதான் 3.0 வெளிவந்த 2008 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஊர் = "நேமத்தாம்பட்டி" என்பது செல்லுபடியாகும் கூற்று. (பைதானின் மேல் கட்டப்பட்ட தமிழ் நிரல்மொழி ‘எழில்’; உருவாக்கியவர் முத்தையா அண்ணாமலை.)

• மேலே உள்ள சரத்தில் ஒரு தட்டச்சுப் பிழை: ‘ன்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ம்’. திருத்துவதற்காக ஊர்[7] = "ன" என்று கொடுத்தால் டைப்எரர். சரத்தின் உறுப்பைத் தனியே மாற்ற முடியாது.

• ‘ரீபிளேஸ்’ கொண்டு "ம்" என்பதை "ன்" ஆக்கினால் "நேமத்தான்பட்டி" என்று ஒரு புதிய சரம் கிடைக்கும். அதை ஒரு பெயரில் ஏற்றிக்கொள்ளாவிட்டால் ‘ஊர்’ பழைய பிழையோடுதான் நிற்கும். புள்ளியை விட்டுவிட்டு "ம" என்பதை "ன" ஆக்கினால் "நேனத்தான்பட்டி" ஆகிவிடும். தமிழ்த் தரவைக் கையாள்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

• "நேமத்தான்பட்டி" என்பதன் நீளம் கேட்டால் பைதான் சொல்வது 14. நம் கணக்கில் எழுத்து எட்டு. ஏகாரக் குறி, புள்ளி, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுகின்றன. அதனால் ஊர்[0] என்பது ‘நே’ அல்ல, வெறும் ‘ந’. எட்டாகப் பிரித்துத் தரும் வசதி ‘ஓப்பன்-தமிழ்’ நூலகத்தில் உண்டு.

• பதினொன்றாம் வகுப்பில் படித்த சி++ மொழியில் சரத்தின் ஓர் எழுத்தை இருந்த இடத்திலேயே மாற்றலாம். பன்னிரண்டில் பைதானுக்கு வந்ததும் முடியாது. இரண்டையும் குழப்பி வைக்கும் கேள்வி கணினிப் பயிற்றுநர் தேர்வுக்கு ஏற்றது.

டியூப்பிள்

• ஓர் உறுப்பு மட்டும் உள்ள டியூப்பிளுக்குக் காற்புள்ளி கட்டாயம். ("நேமத்தான்பட்டி") என்பது சரம். ("நேமத்தான்பட்டி",) என்பது டியூப்பிள். முதலாவதில் "பட்டி" இருக்கிறதா என்று ‘இன்’ போட்டுக் கேட்டால் ட்ரூ, இரண்டாவதில் ஃபால்ஸ்.

• டியூப்பிளின் ஓர் உறுப்பை மட்டும் ‘டெல்’ கொண்டு நீக்க முடியாது. முழு டியூப்பிளுக்கும் ‘டெல்’ கொடுத்தால் அந்தப் பெயர் போய்விடும்.

• டியூப்பிளுக்குள் லிஸ்ட் இருந்தால்? வீடு = ("நேமம்", ["அப்பா"]) என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆகிறது, தனிப் புள்ளி. வீடு[1] என்பதன் மேல் ‘அப்பெண்ட்’ அழைத்தால் பெயர் சேர்ந்துவிடும், பிழை இல்லை. டியூப்பிள் பிடித்து வைத்திருப்பது லிஸ்ட்டை; அந்த லிஸ்ட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது அதன் கவலை அல்ல. வீடு[1] = [] என்று கொடுத்தால் டைப்எரர்.

• இனி விவகாரமான வடிவம்: வீடு[1] += ["இளைய மகன்"]. டைப்எரர் வரும், இளைய மகனும் சேர்ந்திருப்பான். ‘+=’ முதலில் லிஸ்ட்டை இருந்த இடத்திலேயே நீட்டுகிறது; பிறகு அதைத் திரும்பவும் டியூப்பிளில் ஏற்றப் பார்க்கும்போதுதான் தடுக்கப்படுகிறது. வெளியீடு கேட்கும் வினாவில் ‘பிழை, மாற்றமில்லை’ என்று ஒரு விடை இருந்தால் அது பொறி.

திறவுகோல், செட்

• டிக்‌ஷனரியின் திறவுகோலும் செட்டின் உறுப்பும் ஹாஷ் செய்யத்தக்கவையாக இருக்க வேண்டும். சரம், எண் ஆகும், லிஸ்ட் ஆகாது. டியூப்பிள் ஆகும், உள்ளே லிஸ்ட் போல ஹாஷ் ஆகாதது எதுவும் இல்லாத வரை; மேலே சொன்ன ‘வீடு’ ஆகாது.

• செட் மாறும் வகை. அதன் உறுப்புகள் ஹாஷ் ஆகும் வகை. பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

• இரணியூர்க் கோவிலாரும் பிள்ளையார்பட்டிக் கோவிலாரும் பங்காளி முறை. தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இப்படிப்பட்ட இணைகளை ஒரு செட்டில் சேமிக்க வேண்டுமென்றால் ஒவ்வோர் இணையையும் ஃப்ரோசன்செட் ஆக்க வேண்டும். சாதாரண செட் போட்டால் டைப்எரர். டியூப்பிள் போட்டால் பிழை வராது, ஆனால் (இரணியூர், பிள்ளையார்பட்டி) வேறு, (பிள்ளையார்பட்டி, இரணியூர்) வேறு என்றாகிவிடும். ஃப்ரோசன்செட்டுக்கு முன்பின் இல்லை.

லிஸ்ட்: ஒரே பொருள், இரண்டு பெயர்

• ஆ = அ என்பது நகல் அல்ல. இரண்டும் ஒரே லிஸ்ட். நகல் வேண்டுமானால் அ[:] அல்லது ‘காப்பி’. உள்ளே இன்னொரு லிஸ்ட் இருந்தால் அதுவும் போதாது, ‘டீப்காப்பி’ வேண்டும்.

• ஆ = அ என்று கொடுத்த பின் ஆ += [3] என்றால் ‘அ’விலும் 3 தெரியும். ஆ = ஆ + [3] என்றால் தெரியாது; அங்கே புதிய லிஸ்ட் பிறக்கிறது.

• பதிவேடு = [[]] * 9. ஒன்பது கோவிலுக்கும் ஒவ்வொரு லிஸ்ட் என்றுதான் கண்ணுக்குப் படும். இருப்பது ஒரே லிஸ்ட். நேமத்தில் ஒரு புள்ளியைச் சேர்த்தால் ஒன்பதிலும் அவரே இருப்பார்.

• செயற்கூற்றின் அளபுருவில் புள்ளிகள்=[] என்று இயல்பு மதிப்பு வைப்பதும் இதே கோளாறுதான். அந்த வெற்று லிஸ்ட் செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறை உருவாகிறது. நேமத்தான்பட்டிக்காக ஒரு முறை அழைத்துவிட்டுக் கானாடுகாத்தானுக்காக அடுத்து அழைத்தால், முன்னதன் புள்ளிகளும் பின்னதில் வந்து உட்கார்ந்திருக்கும். ‘நன்’ என்று வைத்து உள்ளே புதிதாக உருவாக்குவதே வழக்கம்.

• ‘சார்ட்’ லிஸ்ட்டையே வரிசைப்படுத்தும், திருப்பித் தருவது ‘நன்’. ‘சார்டட்’ புதிய லிஸ்ட் தரும், பழையதைத் தொடாது.

பிற மொழிகள் (ஒரு மதிப்பெண்)

• ஜாவாவில் ஸ்ட்ரிங் மாறாது. மாற்ற வேண்டிய வேலைக்கு ஸ்ட்ரிங்பஃபர். 2004இல் ஜாவா 5 உடன் ஸ்ட்ரிங்பில்டர் வந்தது.

• ஜாவாவின் ‘ஃபைனல்’, 2015இல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வந்த ‘கான்ஸ்ட்’ இரண்டும் பெயரைத்தான் பூட்டுகின்றன. ‘கான்ஸ்ட்’ போட்ட அரேயில் தாராளமாக ‘புஷ்’ செய்யலாம்.