தொழில் பாடம்: மெட்டுக் கம்பியைப் பார்த்து வாங்குவோம்



பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் திருவண்ணாமலையில் எவ்வளவு கூட்டம் கூடும் என்பது நமக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வருகிறவர்களுக்கு நாலு தந்தி உள்ள சின்ன வாத்தியம் செய்து விற்கலாமே என்று யோசிக்கிற குழுக்களுக்காக இந்தப் பாடம். பார்க்க அழகாக இருந்து சுருதி சேராவிட்டால் அது பொம்மைதான். பொம்மைக்குப் பொம்மை விலைதான் கிடைக்கும். அதை வாத்தியம் ஆக்குவது மெட்டு.

மெட்டு என்ன வேலை செய்கிறது?

தந்தியை மெட்டின்மேல் அழுத்தினால், அதிர்கிற நீளம் குறையும், சுரம் ஏறும். தம்புராவில் மெட்டு கிடையாது. வீணையில் 24 மெட்டுகள் உண்டு. தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கர் காலத்தில், 1600-களின் தொடக்கத்தில், இந்த 24 மெட்டு அமைப்பு வந்தது என்பார்கள்.

வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள். தேன்மெழுகில் கரித்தூள் கலந்த கறுப்பு மெழுகு அது. நாளாக ஆக எஃகுத் தந்தி உரசி மெட்டில் பள்ளம் விழும். வெயிலில் மெழுகும் இளகும். அப்போது பிரித்து, சுரம் பார்த்து மறுபடி பதிப்பார்கள். இதற்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர்.

நாம் செய்யும் சின்ன வாத்தியத்தில் அந்த வசதி இல்லை. கம்பியை மரத்தில் அடித்து இறக்கிவிட்டால் நகர்த்த முடியாது. அதனால் வாங்கும்போதே சரியாக வாங்க வேண்டும்.

எந்த உலோகம்?

1. பித்தளை: மிருதுவானது, வெட்டவும் அரம் போடவும் சுலபம். நைலான் தந்தி போடும் வாத்தியத்துக்குப் போதும். எஃகுத் தந்தி போட்டால் சீக்கிரம் தேயும்.

2. ஜெர்மன் சில்வர்: பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். பித்தளையைவிடக் கெட்டி. எஃகுத் தந்திக்கு ஏற்றது. புதிதாகப் பழகுகிற நமக்கும் கையில் அடங்கும்.

3. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: நீண்ட நாள் உழைக்கும். ஆனால் வெட்டும் குறடும் அரமும் சீக்கிரம் மழுங்கிவிடும். ஆரம்பத்தில் வேண்டாம்.

சாதாரண உருண்டைக் கம்பியை ஒட்டினால் என்னன்னு கேட்பீங்க. ஒட்டலாம். ஆனால் பசை விட்டால் மெட்டு கையோடு வரும். மெட்டுக் கம்பியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் 'T' வடிவம் தெரியும். மேலே வளைந்த உச்சி, கீழே சின்னப் பற்கள் உள்ள கால். அந்தப் பற்கள்தான் மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

காலும் காடியும் பொருந்தணும்

மரத்தில் மெல்லிய ரம்பத்தால் போடுகிற காடி பொதுவாக சுமார் 0.6 மில்லிமீட்டர் அகலம். காடி பெரிதானால் மெட்டு தூக்கிக்கொண்டு, தந்தி 'ஜிர்ர்' என்று இரையும். ரொம்ப இறுக்கமானால் எல்லா மெட்டும் சேர்ந்து பலகையையே வளைத்துவிடும். ஆகவே ஒரு துண்டுக் கம்பி வாங்கி, கழிவு மரத்தில் அடித்துப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்குங்கள்.

எங்கே அடிப்பது?

மேருவிலிருந்து குதிரை வரை தந்தி நீளம் 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 36-ஐ 17.817-ஆல் வகுத்தால் 2.02. மேருவிலிருந்து 2.02 செ.மீ.-ல் முதல் மெட்டு. மீதி 33.98. அதையும் 17.817-ஆல் வகுத்தால் 1.91. முதல் மெட்டிலிருந்து இவ்வளவு தள்ளி இரண்டாவது மெட்டு. இப்படியே போனால் 12-ஆவது மெட்டு சரியாகப் பாதியில், 18 செ.மீ.-ல் வரும். வராவிட்டால் ரம்பத்தைத் தொடாதீர்கள், கணக்கை மறுபடி பாருங்கள்.

எவ்வளவு கம்பி?

பலகை 4 செ.மீ. அகலம், 12 மெட்டு என்றால் 48 செ.மீ. நறுக்கி அரம் போட மெட்டுக்கு 1 செ.மீ. கூடுதல். ஆக ஒரு வாத்தியத்துக்கு 60 செ.மீ. பத்து வாத்தியத்துக்கு 6 மீட்டர். இரண்டு கடையில் மீட்டர் விலை கேட்டு, ஒரு வாத்தியத்துக்கு எவ்வளவு என்று தீர்மான நோட்டில் எழுதிய பிறகு கடன் தொகையை முடிவு செய்யுங்கள்.

மரமும் காயணும்

வீணைக்குப் பலாமரம்தான் பேர் போனது. எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் மெட்டு அடித்தால், சித்திரை வெயிலில் மரம் சுருங்கி மெட்டு முனை வெளியே நீட்டும், வாசிக்கிறவர் விரலைக் கிழிக்கும். வாங்கினவங்க அடுத்த பௌர்ணமிக்குத் திருப்பிக் கொண்டுவந்து நிற்பாங்க. விற்கும் முன் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். நேரான சின்ன இரும்பு ஸ்கேலை மூன்று மெட்டுகள்மேல் வைத்துப் பாருங்கள். ஸ்கேல் ஆடினால் நடு மெட்டு உயரம் என்று அர்த்தம்.

கவனம் சகோதரிகளே!

கம்பி நறுக்கும்போது துண்டு தெறிக்கும், கண்ணாடி போடுங்கள். அரம் போட்ட தூள் குழந்தைகள் கையிலும் சோற்றுப் பானையிலும் படக்கூடாது. வேலை இடத்தை அடுப்படியிலிருந்து தள்ளி வையுங்கள்.

இன்னொன்று: தஞ்சாவூர் வீணை 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. நம் பொருளுக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்கக்கூடாது. நம்ம குழுவின் பெயரையே போடுவோம்.

குழுக் கூட்டத்தில் பேச:

* நாம் போடப்போவது நைலான் தந்தியா, எஃகுத் தந்தியா? அதற்கு எந்தக் கம்பி?
* அளவு குறிக்க யார், காடி போட யார், அரம் போட யார்?
* முதல் வாத்தியத்தை வாசித்துப் பார்த்துக் குறை சொல்ல, சுரம் தெரிந்தவர் நம் ஊரில் யார்?

முதலில் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அது சுருதி சேர்ந்து பாடிய பிறகு பத்துக்குப் போகலாம்.