மருந்தின் வண்ணமும் மழலையின் மேனியும்

மருந்து நோய் தீர்க்க வந்த பொருள். வண்ணம் அதற்கு உரிய பண்பன்று. ஆயினும் குழந்தைகளுக்கான மருந்துப் பாகுகள் பல மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் மிளிர்கின்றன. பிள்ளை விரும்பி அருந்த வேண்டும். ஒரு மருந்தை மற்றொன்றாக மயங்கிக் கொடுத்தலாகாது. இவையே அதற்குக் கூறப்படும் காரணங்கள். நோயைத் தணிப்பதில் அந்நிறத்திற்குப் பங்கில்லை.

1856ஆம் ஆண்டில் வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர், மலேரியாவைத் தீர்க்கும் கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்று, ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டறிந்தார். மருந்து தேடியவர் சாயம் கண்டார். அவர் திறந்த வழியில் பிறந்த சாயங்களோ பின்னர் மருந்துக்குள்ளேயே புகுந்தன. டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோசின் ஆகியன அத்தகையன.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இவற்றால் ஒவ்வாமை தோன்றுவதில்லை. மிகச் சிலருக்கு மட்டும் அரிப்பும், நம் மக்கள் காணாக்கடி என வழங்கும் திட்டுத்திட்டான தடிப்பும் தோன்றலாம். இதனைக் கருதியே அமெரிக்க அரசு, டார்ட்ரசின் சேர்ந்த மருந்துகளில் அதன் பெயரைக் குறிக்க வேண்டுமென 1979இல் விதி வகுத்தது. நம் நாட்டிலும், 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளுள் 127ஆம் விதி, சேர்க்கப்பட்ட நிறத்தின் பெயர் மருந்துக் கொள்கலத்தின் மேலொட்டில் இடம்பெற வேண்டும் என்கிறது.

தடிப்பு கண்டவுடன் நிறத்தையே பழித்தலும் பிழை. காய்ச்சலுக்குக் காரணமான கிருமியாலும், மருந்தின் மூலப்பொருளாலும் தடிப்பு வரக்கூடும். ஆராயாது, "இம்மருந்து இப்பிள்ளைக்கு ஆகாது" என முடிவு கட்டினால், பின்னாளில் உயிர் காக்கும் மருந்தொன்றை அப்பிள்ளை வீணே இழக்க நேரும். உண்மைக் காரணம் சாயமாயின், அது வேறொரு பாகின் வழியே மீண்டும் உடலினுள் செல்லும். அரிப்பைத் தணிக்கக் கொடுக்கும் பாகிலேயே அச்சாயம் இருத்தலும் கூடும்.

எனவே பெற்றோர் மருந்துப் புட்டியை எறிந்துவிடாது, அதில் குறித்துள்ள நிறத்தின் பெயரோடு மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வீட்டில் மறுபடியும் கொடுத்துச் சோதித்தல் ஆகாது. உதடோ இமையோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும் கணமும் தாழ்க்காது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

மருந்தின் ஆற்றலை ஆராய்வோர்க்கு இப்னு சீனா தம் மருத்துவப் பெருநூலாகிய 'அல்கானூன்' வாயிலாக வகுத்த நெறிகளுள் ஒன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆராயப்படும் மருந்து, புறத்தேயிருந்து வந்தேறிய பண்பு ஏதுமற்றதாய் இருத்தல் வேண்டும் என்பது அது. அவர் சாயத்தைக் கருதி அதனைக் கூறவில்லை. எனினும் மருந்து வேறு, அதன்மேல் ஏறியது வேறு எனப் பகுத்துணரும் அப்பார்வை, மேலொட்டில் உள்ள சிற்றெழுத்துகளைப் படிக்கும் நமக்கும் இன்று தேவைப்படுகிறது.